யாருடைய பைதான்?

உபுண்டு 18.04-இன் டெர்மினலில் பைதான்3 என்று அடித்தால் எழுந்து வருவது பைதான் 3.6. 2018 ஏப்ரலில் வெளிவந்த அந்த உபுண்டுவுக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பு இருந்தது. அந்தக் காலம் முடிவதற்குள் பைதான் 3.7, 3.8, 3.9, 3.10, 3.11 என ஐந்து பதிப்புகள் வந்துவிட்டன. புதிய பதிப்பு தேவைப்பட்ட பலர் ஒரு சுருக்கு வழியைக் கையாண்டார்கள். 3.8-ஐத் தனியாக நிறுவிவிட்டு, பைதான்3 என்ற பெயரை 3.6-இலிருந்து கழற்றி 3.8-இல் மாட்டினார்கள். அந்தப் பெயர் ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்ப்பலகை. ஒரே கட்டளையில் அதைத் திருப்பிவிடலாம். கட்டளையும் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்தது. அடுத்த முறை டெர்மினலைத் திறக்கப் போனபோது டெர்மினல் திறக்கவில்லை. மென்பொருள் களஞ்சியம் சேர்க்கும் கட்டளையை ஓட்டியவர்களுக்கு, ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூலைக் காணவில்லை என்ற செய்தி வந்தது.

அந்த மாட்யூல் எங்கும் போய்விடவில்லை. வட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் முழுப் பெயரைப் பார்த்தால் நடந்தது விளங்கும்: ஆப்ட்_பிகேஜி என்று தொடங்கி, சிபைதான்-36எம் என்று தொடர்ந்து, செயலியின் வகையைச் சொல்லி, எஸ்ஓ என்று முடியும் நீளமான பெயர் அது. நடுவில் இருக்கும் 36 என்பது 3.6-ஐக் குறிக்கிறது. சி++ மொழியில் எழுதி, பைதான் 3.6-இன் உள்ளமைப்புக்கு ஏற்பக் கம்பைல் செய்த கோப்பு. 3.8-ஓ 38 என்ற எண் தாங்கிய கோப்பைத்தான் தேடும். 36 அதற்குக் கோப்பே அல்ல. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பதிப்பின் நினைவக அமைப்பை நம்பிக் கம்பைல் ஆன கோப்பை இன்னொரு பதிப்பு ஏற்றினால், பிழைச் செய்தி வருவதற்கு முன்பே நிரல் நிலைகுலைந்து விழலாம். உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவிடுவதே ஒரு சின்னப் பைதான் நிரல்தான். அதுவும் இதே போன்ற இன்னொரு கம்பைல் ஆன கோப்பை நம்பியிருந்ததால் அதுவும் விழுந்தது.

இதைப் பயனரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. அவர் கேட்ட கேள்வி நாம் எல்லோரும் கேட்பதுதான்: இந்தக் கணினியில் எந்தப் பைதான் இருக்கிறது? சிக்கல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கணினி ஒன்று, ஆகவே பைதானும் ஒன்று, அதற்குப் பதிப்பும் ஒன்று என்று அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. லினக்ஸ் கணினியில் குறைந்தது இரண்டு தரப்பினருக்குப் பைதான் வேண்டும். இயங்குதளத்தைத் தொகுத்து வழங்குபவர்கள் தங்கள் கருவிகளை எழுதப் பைதானைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கருவிகள் அனைத்தையும் ஒரே பதிப்போடு சேர்த்துச் சோதித்து, அந்தப் பதிப்பு மாறாது என்று வாக்களித்து வெளியிடுகிறார்கள். பயனருக்கோ தன் ஆய்வுக்கு, தன் அலுவலகத்துக்கு, தன் இணையதளத்துக்குப் பைதான் வேண்டும். முதல் தரப்புக்கு மாறாமை வேண்டும், இரண்டாம் தரப்புக்கு மாற்றம் வேண்டும். ஒரே பெயர்ப்பலகை இந்த இரண்டையும் சுட்ட முடியாது. பதிப்பு என்பது கணினிக்கு உரிய குணமே அல்ல, ஒவ்வொரு வேலைக்கும் உரிய குணம் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்த முடிச்சு அவிழும். அவிழ்கிறது என்பதற்குச் சான்று, பல ஆண்டு அடிபட்டு அந்த முடிவுக்கு வந்து சேர்ந்தவர்களிடமே கிடைக்கிறது.

ரெட் ஹாட் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்ட்ஓஎஸ் 6-இல் மென்பொருள்களை நிறுவும் யம் என்ற கருவி முழுக்கப் பைதானில் எழுதப்பட்டது. அதன் முதல் வரி, என்னை ஓட்ட /யுஎஸ்ஆர்/பின்/பைதான் வேண்டும் என்று சொல்லும். அங்கே இருந்தது 2.6. அந்த இடத்தில் 2.7-ஐ வைத்தவர்களுக்கு யம் மாட்யூலே இல்லை என்ற பதில் வந்தது. பைதான் 3-ஐ வைத்தவர்களுக்கு, பிழையைப் பிடிக்கும் ஒரு வரியில் இருந்த காற்புள்ளியைக் காட்டி இலக்கணப் பிழை என்று நின்றது. பைதான் 2-இல் அந்தக் காற்புள்ளி சரி, 3-இல் தவறு. மென்பொருளை நிறுவும் கருவியே படுத்துவிட்டால் அதைச் சரிசெய்யும் மென்பொருளை எதைக் கொண்டு நிறுவுவது? 2019 மே மாதம் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் இதற்கு அவர்களே முடிவு கட்டினார்கள். இயங்குதளத்தின் சொந்தப் பைதானுக்குப் பிளாட்ஃபார்ம்-பைதான் என்று பெயர் வைத்து, பயனர் அன்றாடம் தொடாத டைரக்டரி ஒன்றில் ஒதுக்கினார்கள். வெறும் பைதான் என்ற கட்டளை இயல்பாக அங்கே கிடையாது. எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைப் பயனர் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வர்களை நம்பிப் பிழைக்கும் நிறுவனங்களுக்கென்றே செய்யப்படும் இயங்குதளம் இப்படி உடைமையைப் பிரித்தது வெறும் வசதிக்காக அல்ல என்றே கருதுகிறேன்.

பெயர் ஒன்று, பொருள் பல என்ற குழப்பம் உச்சத்தைத் தொட்டது பைதான் 2-இலிருந்து 3-க்கு மாறிய காலத்தில். 3.0 வந்தது 2008 டிசம்பரில். 2-க்கான பராமரிப்பு முடிந்தது 2020 ஜனவரி 1 அன்று. இடைப்பட்ட 11 ஆண்டுகளில் பைதான் என்ற ஒரே சொல் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொன்றைக் குறித்தது. ஆர்ச் லினக்ஸ் 2010-லேயே அதை 3-க்குத் திருப்பியது. மற்றவர்கள் 2-லேயே நின்றார்கள். இதற்கு ஒரு பொது நெறி சொல்லவே பைதான் சமூகம் 2011-இல் பெப் 394 என்ற ஆவணத்தை எழுத வேண்டிவந்தது. உபுண்டு 20.04 அந்தப் பெயரை இயல்பாக எதற்கும் தராமல் விட்டது. விரும்புபவர்கள் நிறுவிக்கொள்ள பைதான்-இஸ்-பைதான்3 என்றே ஒரு பேக்கேஜ் இருக்கிறது. காற்புள்ளியில் தடுக்கி நிற்கும் நிரலைப் பற்றிக் கவலை குறைவு, அது தன் நோயைச் சொல்லிவிடுகிறது. சத்தமில்லாமல் வேறு விடை தருவதே ஆபத்து. 7/2 என்பதற்குப் பைதான் 2 தரும் விடை 3. பைதான் 3 தருவது 3.5. 2.5 என்ற எண்ணை அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்டு செய்யச் சொன்னால் பழையது 3 என்கிறது, புதியது பக்கத்து இரட்டைப்படை எண்ணான 2-ஐத் தருகிறது. மதுரை என்ற சொல்லின் நீளம் கேட்டால், சாதாரண மேற்கோளுக்குள் எழுதி யுடிஎஃப்-8-இல் சேமித்த நிரலில் பைதான் 2 சொல்வது 15, ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகிறது. பைதான் 3 குறியீடுகளை எண்ணி 5 என்கிறது. நாம் மூன்றெழுத்து என்போம். அப்படி எண்ணுவதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற லைப்ரரி தேவைப்படுகிறது. தமிழ்த் தரவைக் கையாளும் ஒருவர் சொற்களை நீளம் பார்த்து வடிகட்டியிருந்தால், அவருடைய முடிவுகள் எந்தப் பதிப்பில் வந்தவை என்பது தெரியாமல் அந்த முடிவுகளை மதிப்பிடவே முடியாது.

அது பெரிய மாற்றம், ஒரு முறை நடந்தது, முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. சிறிய பதிப்புகளும் பழைய நிரலை உடைக்கின்றன. 3.7-இல் ஏசிங்க் என்ற சொல் மொழிக்கே உரிய சொல்லானது. அதற்குமுன் அதைச் சாதாரணப் பெயராக வைத்திருந்த நிரல்கள் எல்லாம் இலக்கணப் பிழையாயின. செலரி என்ற பரவலான லைப்ரரி தன் கோப்பு ஒன்றுக்கே அந்தப் பெயரை வைத்திருந்ததால் அதை மாற்ற வேண்டிவந்தது. 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற, பேக்கேஜ் கட்டுவதற்குப் பல காலம் பயன்பட்ட மாட்யூல் நீக்கப்பட்டது. இப்போது ஆண்டுக்கொரு முறை, அக்டோபரில், ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆயுள். ஆக எந்த நாளிலும் ஐந்து பதிப்புகள் உயிரோடு இருக்கும். இவற்றுள் எது சரியான பதிப்பு என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த வேலைக்கு என்று கேட்டால் உண்டு.

பல பதிப்புகள் ஒரே கணினியில் சண்டையில்லாமல் வாழ லினக்ஸில் எந்தத் தடையும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கட்டளையை அடித்ததும் ஷெல் செய்வது மிக எளிய வேலை: பாத் என்ற பட்டியலில் உள்ள டைரக்டரிகளை இடமிருந்து வலமாகத் துழாவி, அந்தப் பெயரில் முதலில் கிடைப்பதை ஓட்டுகிறது. பைதானுக்குப் பைஎன்வி, ரூபிக்கு ஆர்பிஎன்வி, நோடுக்கு என்விஎம் ஆகிய எல்லாப் பதிப்பு மேலாண்மைக் கருவிகளும் தங்கள் டைரக்டரியை இந்த வரிசையின் முன்னால் நிறுத்துவதைத்தான் அடிப்படையில் செய்கின்றன. பைதானை மூலநிரலிலிருந்து கட்டுபவர்களுக்கு ஆல்ட்இன்ஸ்டால் என்றொரு தெரிவு வெகுகாலமாக உண்டு. அது பைதான்3.12 என்ற எண்ணுள்ள பெயரை மட்டும் நிறுவும். பைதான்3 என்ற பொதுப்பெயரைத் தொடாது. இந்த ஒரு கட்டளையின் நாகரிகம் எனக்குப் பெரிதும் பிடித்தது.

வென்வ் என்ற தனிச்சூழல் இன்னும் ஒரு படி நுட்பமானது, அதே அளவுக்குத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும்கூட. பைதான் 3.3-இல், 2012-இல் மொழியோடு சேர்ந்தது அது. உபுண்டு 22.04-இல் ஒரு வென்வ் உருவாக்கி உள்ளே பார்த்தால், பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற மூன்றே வரிக் கோப்பு இருக்கும்: தாய்ப் பைதான் எந்த டைரக்டரியில் இருக்கிறது, இயங்குதளத்தின் பேக்கேஜ்களைப் பார்க்கலாமா கூடாதா, பதிப்பு எண் என்ன. பக்கத்தில் உள்ள பின் டைரக்டரியில் பைதான்3 என்று இருப்பது தனிப் பைதான் அல்ல, இயங்குதளத்தின் பைதானைச் சுட்டும் இன்னொரு சிம்லிங்க். அந்தப் பைதான் எழுந்ததும் அருகில் இந்த மூன்று வரிக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் பேக்கேஜ்களை வேறு இடத்தில் தேடுகிறது. தனிமை அவ்வளவுதான். ஆகவே வென்வ் பேக்கேஜ்களைப் பிரிக்கிறது, பைதானைப் பிரிப்பதில்லை. 22.04-ஐ 24.04-ஆக உயர்த்தினால் சிம்லிங்க் சுட்டும் பைதான் 3.10-இலிருந்து 3.12 ஆகிவிடும். நிறுவிய பேக்கேஜ்கள் மட்டும் பைதான்3.10 என்று பெயரிட்ட டைரக்டரியில் கிடக்கும், புதிய பைதான் அங்கே எட்டிப் பார்க்காது. நேற்றுவரை ஓடிய நிரல் எதையும் காணோம் என்று நிற்கும். வென்வ் போட்டுவிட்டேன், இனிப் பதிப்புக் கவலை இல்லை என்று நம்புபவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள். பேக்கேஜ்களோடு பைதானின் பதிப்பையும் வேலைக்கு உடைமையாக்க, பைஎன்வி அல்லது அண்மையில் வந்த யூவி போன்ற கருவி தேவை.

பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் என்ற கருவியைக் கொண்டு இயங்குதளத்தின் டைரக்டரியிலேயே அவற்றைக் கொட்டுவது இதே குழப்பத்தின் இன்னொரு முகம். அதைத் தடுக்கப் பெப் 668 கொண்டுவந்த வழி, எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு என்ற ஒரு கோப்பை அங்கே வைப்பது. பிப் அதைக் கண்டால் மறுத்துவிடும். 2023-இல் டெபியன் 12 இதை நடைமுறைப்படுத்தியபோது, பழகிய கட்டளை திடீரென்று ஓடவில்லை என்று பலர் கொதித்தார்கள். மீறியே தீர வேண்டும் என்றால் அதற்கான தெரிவின் பெயர், இயங்குதளத்தின் பேக்கேஜ்களை உடை என்று பொருள்படும் நீண்ட பெயர். செய்யப்போவது என்ன என்பதற்குக் கட்டளையே கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. இது சரியான வடிவமைப்பு.

இந்த வாதத்துக்கு எதிரான மறுப்புகளில் வட்டில் இடம் வீணாகிறது என்பது சின்னது; ஒரு பைதான் சில நூறு மெகாபைட்டுக்கு மேல் போவது அரிது. கனமான மறுப்பு பாதுகாப்பு பற்றியது. 2014 ஏப்ரலில் குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, டெபியன் சர்வரை நடத்தியவர் அந்த ஒரு லைப்ரரியை அப்டேட் செய்து, சேவைகளை மறுபடி தொடங்கி, சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்றினால் போதும். அதைப் பகிர்ந்துகொண்ட நிரல்கள் எல்லாம் ஒருசேரத் திருந்தின. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பைதான் என்றால், ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ யார் தேடிப்பிடித்துத் திருத்துவது? இந்த மறுப்பு முழுக்க உண்மை. பைஎன்வி லினக்ஸில் கட்டித்தரும் பைதான் பொதுவாக இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐயே பகிர்ந்துகொள்ளும். யூவி இறக்கித்தரும் பைதான் அதைத் தன் வயிற்றிலேயே சுமந்துவரும், இயங்குதளத்தின் அப்டேட் அதைத் தொடாது. பதிப்பைத் தானே வைத்துக்கொள்பவர் பராமரிப்பையும் தானே ஏற்கிறார். இதற்கு என் பதில், வேலைக்குரிய பதிப்பு என்றால் தனிப் பதிப்பு என்று பொருளில்லை என்பதே. ஒரு சர்வர் நிரலுக்கு டெபியன் 12-இன் 3.11 போதும் என்றால், டெபியன் 12-இன் 3.11 என்று எழுதிவைத்து அதிலேயே ஓட்டுவது மிக நல்ல தேர்வு. ஐந்தாண்டுக்கு வேறொருவர் கண்விழித்துக் காக்கிறார். அங்கேயும் தேர்ந்தது வேலைதான், கணினி அல்ல. தற்செயலாகக் கிடைத்ததில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்தான் பாதுகாப்புக்கு மோசமான எதிரி. எதை நம்பியிருக்கிறோம் என்றே தெரியாததால் அவற்றின் கணினியை அப்டேட் செய்ய எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்டேட் தள்ளிப்போகிறது.

இன்னொரு மறுப்பு, குற்றம் மொழியை உருவாக்கியவர்களுடையது என்பது. பழைய நிரலை உடைக்காமல் மொழியை வளர்த்தால் பதிப்பு மேலாண்மையே வேண்டாமே? கோ மொழி 2012-இல் கோ 1 வந்தபோது அப்படி ஒரு வாக்குறுதி தந்தது, பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறது. ஆனால் அந்தக் கோவே 2024 பிப்ரவரியில், 1.22 பதிப்பில், சுழற்சி மாறியின் பொருளை மாற்றியது. பழைய முறை பிழைகளுக்கு ஊற்றாக இருந்தது. வாக்குறுதியும் உடையாமல் மாற்றமும் நடந்தது எப்படி? ஒவ்வொரு திட்டத்திலும் கோ.மாட் என்ற கோப்பு இருக்கிறது, அதில் பதிப்பைச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. 1.22 அல்லது மேல் என்று எழுதியவர்களுக்குப் புதிய பொருள், மற்றவர்களுக்குப் பழையது. ரஸ்ட் மொழியில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. பைதான் 3.7-ஐ அலைக்கழித்த அதே ஏசிங்க் என்ற சொல்லை ரஸ்ட்டும் 2018-இல் தனக்கென எடுத்துக்கொண்டது. எந்தத் திட்டமும் உடையவில்லை. கார்கோ கோப்பில் 2018 எடிஷன் என்று அறிவித்த திட்டங்களுக்கு மட்டும் அது மொழியின் சொல்; 2015 என்று நிற்பவர்கள் அதை இன்றும் சாதாரணப் பெயராக வைத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரே நிரலில் கைகோக்கவும் செய்யும். ஒரே சொல், ஒரே ஆண்டு, இரண்டு மொழிகள். வேறுபாடு, பதிப்பைச் சொல்லும் உரிமை எங்கே இருந்தது என்பதில்தான்: ரஸ்ட்டில் அது திட்டத்தின் கோப்பில் இருந்தது, பைதானில் கணினியில் எது நிறுவப்பட்டிருந்ததோ அதில் இருந்தது.

டாக்கர் கன்டெய்னர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு விரிவான பதில் தேவையில்லை. கன்டெய்னர் ஒரு வேலைக்கு ஒரு சிறு இயங்குதளத்தையே கொடுத்துவிடுகிறது, நல்ல கருவி. ஆனால் அதைக் கட்டும் கோப்பில் பைதான்:3 என்று மட்டும் எழுதினால், இன்று கட்டினால் ஒரு பதிப்பும் இரண்டு ஆண்டு கழித்துக் கட்டினால் வேறொன்றும் வரும். பழைய சிம்லிங்க் புது வீட்டுக்குக் குடிபோனதைப் போன்றதுதான் இது. பதிப்பு எண்ணை முழுதாக எழுதுபவருக்கே கன்டெய்னர் பயன்படும்.

எவ்வளவு ஆழத்துக்கு எழுதிவைப்பது என்பதுதான் மிச்சமிருக்கும் உண்மையான கேள்வி. பைதானுக்குக் கீழே சி லைப்ரரி, அதற்குக் கீழே கர்னல் என்று அடுக்கு போய்க்கொண்டே இருக்கும். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் ஆய்வேட்டில் விவரித்த நிக்ஸ் இதை எல்லைவரை கொண்டுபோகிறது: சி லைப்ரரி தொடங்கி ஒவ்வொரு பேக்கேஜும், தன்னைக் கட்டப் பயன்பட்ட எல்லாவற்றிலிருந்தும் கணக்கிட்ட ஒரு முத்திரையைப் பெயரில் தாங்கித் தனி டைரக்டரியில் வாழ்கிறது. எத்தனை பைதான்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கலாம். கற்றுக்கொள்ளச் சிரமமானது; எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு தூரம் போனாலும் பிடிபடாத பிழைகள் உண்டு. 2014-இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் வந்த வேதியியல் கட்டுரையோடு சில பைதான் நிரல்கள் வெளியாயின, மூலக்கூறுகளின் என்எம்ஆர் மதிப்புகளைக் கணக்கிடுபவை. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே தரவை வெவ்வேறு இயங்குதளங்களில் கொடுத்தபோது வெவ்வேறு விடைகள் வந்தன. கோப்புகளைப் பட்டியலிடும் குளோப் என்ற செயல்கூறு எந்த வரிசையில் தரும் என்று பைதான் எந்தப் பதிப்பிலும் உறுதி சொன்னதில்லை. அது அந்தந்த இயங்குதளத்தையும் கோப்பு முறையையும் பொறுத்தது. நிரலோ வரிசை மாறாது என்று நம்பிக் கோப்புகளைச் சோடி சேர்த்தது. பட்டியலை வரிசைப்படுத்தும் கட்டளையை நிரலுக்குள் சேர்த்ததும் எல்லா இயங்குதளங்களிலும் ஒரே விடை வந்தது.